வைட்டமின் டி குறைவு: வெயிலா, சாப்பாடா, வாரக் கேப்சூலா, தினசரி மாத்திரையா, ஊசியா?

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாற்பது வயதுக்காரர், கம்பெனியில் போட்ட முகாமில் ரத்தம் கொடுக்கிறார். அறிக்கையில் வைட்டமின் டி 14 என்று தடித்த எழுத்தில் வருகிறது. டாக்டர் வாரம் ஒரு கேப்சூல் எழுதுகிறார். பக்கத்து மெஷின்காரர் "ஒரே ஊசிங்க, வேலை முடிஞ்சுது" என்கிறார். வீட்டில் அம்மா ராகிக் களியும் காலை வெயிலும் போதும் என்கிறார். மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

நால்வர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் குறைவை எட்டு வாரத்தில் சரிசெய்வது யாருக்கும் பெரிய வேலையில்லை. ஒன்பதாவது வாரத்திலிருந்து என்ன செய்வது என்று யோசிக்காமல் விடுவதால்தான் அடுத்த வருட அறிக்கையிலும் அதே 14 வந்து நிற்கிறது. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்த ஒன்பதாவது வாரத்தை மனதில் வைத்து எழுதியது.

முதலில் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பார்க்க வேண்டிய சோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பெயரில் '1,25' என்று வரும் இன்னொரு சோதனை வேறு; உடலின் கையிருப்பை அது காட்டாது. அளவு நானோகிராமில் இருக்கிறதா, நானோமோலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நானோமோல் என்றால் 2.5-ஆல் வகுக்க வேண்டும்: 50 நானோமோலும் 20 நானோகிராமும் ஒன்றே.

நானோகிராம் கணக்கில் 12-க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. 12 முதல் 20 வரை குறைவு. 20-க்கு மேலே போனால் பெரும்பாலான ஆண்களின் எலும்புக்கு அது போதும். லேப் தாளில் 30-க்குக் கீழே எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2011-இல் வைத்த கோடு அது. அதே சங்கம் 2024-இல் அந்த 30-ஐக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள் வழக்கமாக இந்தச் சோதனையை எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அச்சடித்த தாள்கள் பல இன்னும் மாறவில்லை. எனவே 24 என்று வந்து, உடம்பில் வேறு கோளாறு இல்லை என்றால், நட்சத்திரத்துக்காக மருந்து சாப்பிடாதீர்கள்.

எண்ணைவிட உடம்பு சொல்வது முக்கியம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, தொடையும் இடுப்பும் ஆழமாக வலிக்கின்றன, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்தினால் நோகிறது, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடியிருக்கிறது: இவை சேர்ந்து வந்தால் எலும்பு மென்மையாகிக் கொண்டிருக்கலாம். குடல் வழியாகக் கால்சியத்தை உள்ளே இழுப்பதுதான் வைட்டமின் டி-யின் முக்கிய வேலை. அது நடக்காதபோது பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. அதனால்தான் பலருக்கு ரத்தக் கால்சியம் சரியாக இருக்கிறது; கடனை எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது? ஏறியது தங்குகிறதா? அளவு தவறினால் என்ன ஆகும்? மருந்து விலையோடு சேர்த்து நேரத்திலும் கூலியிலும் எவ்வளவு போகிறது? உங்கள் ஷிப்டுக்கும் சாப்பாட்டுக்கும் இது ஒத்துவருமா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

| வழி | ஏறும் வேகம் | தங்குமா | அளவு தவறினால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| மத்தியான வெயில் | மெது, மாதக்கணக்கு | பழக்கம் இருக்கும்வரை | நச்சாகாது. தோலும் உடல்சூடும் பாதிக்கும் | 12-க்கு மேல், வெளியே வர முடிந்தவர் |
| சாப்பாடு மட்டும் | மிக மெது | தங்கும், ஆனால் அளவு சிறிது | பயமில்லை | 20-க்கு மேல் உள்ளவர் |
| வாரம் 60,000 யூனிட் | 8 வாரம் | நிறுத்தினால் இறங்கும் | தினமும் போட்டால் ஆபத்து | 20-க்குக் கீழ் |
| தினம் 1,000–2,000 யூனிட் | 3 மாதம் | தொடர்ந்தால் தங்கும் | அபாயம் மிகக் குறைவு | வெயில் படாத வேலை, 70 கடந்தவர் |
| 6 லட்சம் யூனிட் ஊசி | நிதானம் | சில மாதம் | திரும்ப எடுக்க முடியாது | குடல் உறிஞ்சாதவர் |

வெயில்

கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் கூட நண்பகல் சூரியன் 55 டிகிரிக்கு மேல் நிற்கிறது. டில்லிக்காரருக்குக் குளிர்காலத்தில் வரும் சிக்கல் நமக்கு இல்லை. இருந்தும் நம் ஆட்களுக்குக் குறைகிறது என்றால், காரணம் வானத்தில் இல்லை, கூரையில் இருக்கிறது. தறிக்குடோன், ஸ்பின்னிங் மில், பனியன் தைக்கும் பவர் டேபிள், சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகம் எல்லாமே பொழுதை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. நம் தாத்தாக்கள் கோவணத்தோடு ஏர் ஓட்டியபோது முதுகு முழுவதும் வெயில் பட்டது. முழுக்கைச் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டு பைக்கில் போகிறவருக்குப் படுவது விரல்கள் மட்டும்தான்.

'காலை இளவெயில்' நல்லது என்பது மனதுக்குச் சரி, வைட்டமின் டி-க்குச் சரியில்லை. தோலில் இதைத் தயாரிக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் சாய்வாக இருக்கும்போது காற்றுமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் நடந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. திருப்பதியில் நடந்த ஆய்விலும் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட வெயிலே பலன் தந்தது. கைக்கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வேலை நடக்கிறது, நீளமாக இருந்தால் இல்லை.

கொங்குப் பகுதியில் உச்சிப்பொழுது ஏறக்குறைய 12.20-க்கு. பல கம்பெனிகளில் சாப்பாட்டு மணி அடிப்பதும் அதை ஒட்டித்தான். டிபன் பாக்ஸை மூடியதும் கேட்டுக்கு வெளியே மதில் ஓரமாக, சட்டைக் கையை முட்டிக்கு மேல் சுருட்டி, பேண்ட்டையும் முழங்கால்வரை மடித்து, 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். மாநிறத்துக்கு இது நியாயமான அளவு. நல்ல கறுப்பு நிறமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். தலைக்குத் துண்டு போட்டுக்கொள்ளலாம். முகத்தைவிடக் கையும் காலும் பரப்பு அதிகம், அவை பட்டால் போதும். கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் சூடு வரும், வைட்டமின் வராது, காருக்கும் அதேதான்.

வெயிலில் ஒரு பெரிய வசதி உண்டு. அளவு மீறினால் தோலே உபரியைச் சிதைத்துவிடும். வெயிலால் வைட்டமின் டி நச்சானவர் கிடையாது. ஆனால் மறைமுகச் செலவுகள் இருக்கின்றன. கத்திரி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் உடம்பு நீர் வற்றும். ஏற்கனவே சிறுநீரகக் கல் வந்தவருக்கு அது நல்லதில்லை. பங்குனி முதல் வைகாசி வரை நேரத்தைப் பாதியாக்கி, முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தும், ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகளும் தோலைச் சீக்கிரம் கருக்கும். அறுபத்தைந்து தாண்டிய தோல் இளைஞன் தோலைப்போல் தயாரிக்காது. அளவு 12-க்குக் கீழே இருந்தால் வெயிலை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதற்குள் எலும்பு இன்னும் கரையும்.

சாப்பாடு

இங்கேதான் அம்மா சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. ராகியில் வைட்டமின் டி துளிகூட இல்லை. அதில் இருப்பது கால்சியம்: 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் பார்க்கிற தவறு.

வைட்டமின் டி கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் வேண்டும். நாமக்கல் முட்டை ஒன்றின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். செறிவூட்டிய பால் என்றால் பாக்கெட்டில் '+எஃப்' முத்திரை இருக்கும். லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட், அதாவது ஒரு டம்ளருக்கு 50 யூனிட் அளவில். மத்தி மீன் 100 கிராம் சாப்பிட்டால் 200-ஐ ஒட்டி. கடைகளில் விற்கும் செறிவூட்டிய எண்ணெயிலும் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். நாம் தேடிப்போய் வாங்கும் மரச்செக்குக் கடலை எண்ணெயில் அது இல்லை. செக்கு எண்ணெய்க்கு வேறு சிறப்புகள் இருக்கலாம், இது அதில் சேராது. இரண்டு முட்டையும் இரண்டு டம்ளர் பாலும் சேர்ந்தாலும் 200-ஐத் தாண்டாது. தினம் மத்தி வாங்க யாரால் முடியும்?

சைவக்காரருக்கு ஒரு வழி உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. பட்டன் காளானை மெல்லிய வில்லைகளாக அரிந்து தட்டில் பரப்பி, மத்தியான வெயிலில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால் காளானே வைட்டமின் டி-2 தயாரிக்கும். 100 கிராமுக்கு 400 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். பிளாஸ்டிக் உறையோடு வைத்தால் பலன் குறையும், பிரித்துவிடுங்கள்.

கால்சியத்துக்கு நம் சமையலறை தாராளம். நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. 100 கிராம் மாவில் கிளறிய களி 350, நாள் முழுக்கப் பாலும் தயிருமாக 300 மில்லி சேர்ந்தால் 360, தோலோடு கூடிய எள்ளில் பிடித்த இரண்டு உருண்டையில் 20 கிராம் எள் இருந்தால் 200-க்கு மேல். மீதியை முருங்கைக்கீரையும் கொள்ளுப் பருப்பும் பார்த்துக்கொள்ளும். வெள்ளை எள்ளாகத் தோலுரித்து வாங்கினால் கால்சியத்தில் பெரும்பங்கு தோலோடு போய்விடும். ராகியில் உள்ள பைட்டேட் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். முளைகட்டிய மாவிலும் புளிக்கவிட்ட கூழிலும் அது குறைகிறது. களிக்குப் பதில் வாரம் சில நாள் கூழ் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, குறைவைச் சரிசெய்ய சாப்பாடு போதாது. சரிசெய்த பிறகு எலும்புக்குச் சரக்கு தருவது அதுதான்.

வாரக் கேப்சூல்

60,000 யூனிட் டி-3, வாரம் ஒன்று, எட்டு வாரம். 20-க்குக் கீழே இருப்பவருக்கு இதைவிட எளிதான வழி இல்லை. எட்டு கேப்சூலின் விலை பல இடங்களில் அந்த ஒரு ரத்தச் சோதனையின் கட்டணத்தைவிடக் குறைவு. 14-இல் ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலானோர் முடிவில் 30-ஐத் தொட்டுவிடுவார்கள். மிகப் பருமனானவருக்கும் வலிப்பு மாத்திரை அல்லது காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கும் ஏற்றம் மந்தமாக இருக்கும்.

எடுக்கும் முறை: வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்பில் கரைவது என்பதால் கறிக்குழம்போ, நெய் விட்ட பருப்புச் சாதமோ சாப்பிட்டபின் போடுங்கள். பவுடர் பாக்கெட் என்றால் பாலில் கலக்கலாம். 'நானோ' என்று குட்டி பாட்டிலில் வருவது விலை கூடியது. குடல் நன்றாக இருப்பவருக்கு அது தேவையில்லை. நாளை மறக்காமல் இருக்கச் சம்பள நாளோடு முடிச்சுப் போடுங்கள். சனிக்கிழமை வாரக்கூலி வாங்குகிறவர் சனி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் தவறாது. ஒரு வாரம் தவறினால் நினைவு வந்த அன்று ஒன்று போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

இதில் நடக்கும் பெரிய விபத்து ஒன்று உண்டு. சீட்டில் கிறுக்கலாக எழுதியிருக்கும். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் என்பதால் இதையும் தினமும் போட்டுவிடுவார்கள். ஒரு வாரத்தில் 4,20,000 யூனிட். சில வாரம் இப்படிப் போனால் ரத்தக் கால்சியம் எகிறும்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு, கடைசியில் கிரியேட்டினின் ஏறிச் சிறுநீரகம் பழுது. கொழுப்பில் சேர்ந்திருப்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இறங்காது. மருந்துக்கடையில் "வாரத்துக்கு ஒண்ணுதானுங்களே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அட்டையின் மேல் பேனாவால் தேதிகளை எழுதி வாங்குங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், காசநோய் அல்லது சார்காய்டோசிஸ் உள்ளவர், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர் ஆகியோர் ரத்தக் கால்சியமும் கிரியேட்டினினும் பார்த்த பின்பே இதைத் தொட வேண்டும்.

பிறகு அந்த ஒன்பதாவது வாரம். உடம்பில் இருக்கும் வைட்டமின் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகும். வேலையும் சட்டையும் மாறாதபோது ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். எட்டாவது கேப்சூல் வாங்கும்போதே அடுத்தது என்ன என்று முடிவெடுங்கள்: மத்தியான வெயில், தினசரி மாத்திரை, அல்லது மாதம் ஒரு 60,000. மூன்றாவது வழி நாளுக்கு 2,000 யூனிட் கணக்கு வரும். ஐம்பது வயது வரை வசதியானது.

தினசரி மாத்திரை

1,000 அல்லது 2,000 யூனிட். சலிப்பான வழி, ஆனால் உடம்புக்கு மிக இயல்பானது. சுவிட்சர்லாந்தில் 70 கடந்தவர்களிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், மாதம் 60,000 யூனிட் எடுத்தவர்கள், 24,000 எடுத்தவர்களைவிட அதிகம் கீழே விழுந்தார்கள். அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் மாதக் கேப்சூலைவிட இதையே வாங்குங்கள். அதிகம் எடுத்தால் அதிக பலன் என்பதும் இல்லை: கனடாவில் மூன்று வருடம் 400, 4,000, 10,000 என்று மூன்று அளவில் கொடுத்துப் பார்த்ததில், கூடுதலாக எடுத்தவர்களின் எலும்பு அடர்த்திதான் குறைந்திருந்தது (2019). டாக்டர் சொல்லாமல் நாளுக்கு 4,000-ஐத் தாண்டாதீர்கள்.

ஊசி

6 லட்சம் யூனிட், எண்ணெயில் கரைத்தது, பின்புறத் தசையில். எண்ணெய்த் தேக்கத்திலிருந்து மெதுவாகக் கசிவதால் போட்ட மறுவாரம் சோதித்தால் ஏறியிருக்காது. 'வேலை செய்யவில்லை' என்று இரண்டாவது ஊசி போடுவது அங்கேதான் நடக்கிறது. போட்டதை எடுக்க வழியில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை வாய்வழியாக 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வில், முறிவு குறையவில்லை, கூடியது (2010). பெண்களிடம் நடந்தது, ஊசியும் அல்ல. ஆனாலும் ஒரே வீச்சில் கொட்டுவது குறித்து எச்சரிக்கிறது.

குடியால் கணையம் கெட்டு எண்ணெய்ப்பசையாக மலம் போகிறவர், குடல் அறுவை செய்தவர், செலியாக் நோய் உள்ளவர்: இவர்களுக்கு வாய்வழி மருந்து ஏறாது, ஊசிக்கு நியாயம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குத் தசை ஊசியே கூடாது. 'ஒரே வேலை' என்ற சோம்பலுக்காக மற்றவர் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்துக்கடை நீட்டும் ஆறாவது பொருள்

கால்சியம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சிலவற்றில் கால்சிட்ரியால் சேர்த்திருப்பார்கள். அது வைட்டமின் டி-யின் முடிந்த வடிவம். சிறுநீரக நோயாளிக்குத் தேவைப்படும். சாதாரணக் குறைவுக்கு அதைக் கொடுத்தால் உங்கள் 14 ஏறாது, கால்சியம் மட்டும் ஏறும். வெறும் கால்சியம் தேவையென்றால் கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுங்கள்; கேஸ் மாத்திரை தினம் போடுபவருக்கு சிட்ரேட் வகை. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆண்களின் எலும்பு கெடுவதற்கு இது மட்டும் காரணமில்லை

25,000 பேருக்கு மேல் சேர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐம்பதும் அதற்கு மேலும் வயதான, பெரும்பாலும் குறைவில்லாதவர்களுக்கு தினம் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை (2022). குறைவிருந்தால் நிரப்புங்கள், நிரம்பிய குடத்தில் ஊற்றுவதால் பயனில்லை. ஆண்களின் எலும்பை அதிகம் தின்பது குடி, பீடி, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் எடுக்கும் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அல்லது நான்கு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டால், வைட்டமினை விட்டுவிட்டு எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்குப் போங்கள். தர்மபுரி, சேலம் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல வருடம் குடித்தவருக்கு இதேபோன்ற எலும்பு வலி வரும். ஸ்கேனில் அடர்த்தி கூடுதலாகவே தெரியும், ஆனால் எலும்பு நொறுங்கக்கூடியது. அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

யார் எதை எடுப்பது

பவர் டேபிள், மில், தறி, ஐ.டி.: 20-க்குக் கீழ் என்றால் எட்டு வாரக் கேப்சூல், பிறகு சாப்பாட்டு மணி வெயில், இரவு ஷிப்ட் மட்டுமே பார்க்கிறவர் வெயிலுக்குப் பதில் தினசரி மாத்திரை. வெட்டவெளிக் காட்டு வேலை, கட்டட வேலை: அளவு 12-க்குக் கீழே வந்தால் வெயில் பற்றாக்குறை என்று நினைக்காமல், குடல், கல்லீரல், சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் வேலை என்றால் நிழல் கணக்கையும் சேர்க்க வேண்டும். 20-க்கு மேல் உள்ள யாரும் களி, எள்ளுருண்டை, முட்டை, நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். சுமை தூக்குவதும் படி ஏறுவதும் எலும்புக்கு எந்தக் கேப்சூலும் தராத வேலையைத் தரும்.

திரும்பச் சோதிப்பது ஆரம்பித்து 12 வாரம் கழித்து, முடிந்தால் அதே லேபில். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் எடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் அது வைட்டமின் டி-யை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.